ஒரே மை, இரண்டு கை

பச்சை குத்துகிற கடைகளில் இப்போது ஒரு தாள் கொடுக்கிறார்கள். தி.நகர், அடையாறு பக்கம் ஏ.சி. போட்ட கடைகளில் ஆங்கிலத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். மெரினா மணலில் பேட்டரி மிஷினோடு உட்கார்ந்திருப்பவர் அதையே வாயால் சொல்லி அனுப்புகிறார். இரண்டு வாரம் கை தண்ணீரில் ஊறக் கூடாது. சோப்புத்தூள், பாத்திரச் சோப்பு, பிளீச்சிங் பவுடர் படக் கூடாது. வெயில் படக் கூடாது. அதிகம் வியர்க்கக் கூடாது. தூசி, குப்பை பக்கம் போகக் கூடாது. அரித்தாலும் சொறியக் கூடாது. தொட்டால் சிவக்கிற தோலாக இருந்தால் எல்லாவற்றிலும் இரட்டைக் கவனம் வேண்டும்.

இந்தத் தாளில் மருத்துவ ரீதியாகத் தப்பு எதுவும் இல்லை. புதுப் பச்சை என்பது புண். ஆயிரக்கணக்கான தடவை ஊசி இறங்கின இடம். அது ஆறுகிற வரைக்கும் இதெல்லாம் தேவைதான். ஆனால் இந்தத் தாளை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். தண்ணீரில் ஊறாத கை, சோப்பு படாத கை, வெயில் காணாத கை, குப்பை தொடாத கை. இந்த ஊரில் அப்படி ஒரு கை யாருக்கு இருக்கிறது? எங்கள் சனங்களுக்குப் பிறப்பிலேயே ஒதுக்கிக் கொடுத்த வேலைகள் என்னென்னவோ, அவற்றையெல்லாம் வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'கூடாது' என்று போட்டால் இந்தத் தாள் வந்துவிடும்.

நானும் என் தங்கச்சியும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மையில் புறங்கையில் பச்சை குத்திக்கொண்டோம். என் கை பதினெட்டு நாளில் ஆறியது. அவள் கை ஆற மூன்று மாதம் ஆனது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

பச்சை எங்கள் வீட்டுக்குப் புதுசு இல்லை. எங்க ஆயா செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியில் பிறந்து, கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தது. அதன் வலது முன்கையில் ஒரு புள்ளிக் கோலம், இடது கையில் ஒரு தேள். அறுப்பு முடிந்த காலத்தில் குறத்திங்க சேரிக்கு வருவார்களாம். காசு கிடையாது, படி நெல்லோ பழைய சீலையோ கொடுத்தால் போதும். மஞ்சளும் அகத்திக்கீரையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவார்கள். விளக்கெண்ணெயில் அதை எரித்து மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்தால் உட்பக்கம் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. நாலைந்து ஊசியைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள்.

கரி கறுப்புத்தானே, பிறகு ஏன் பச்சை? ஊசி தோலின் மேல் அடுக்கைத் தாண்டி இரண்டாம் அடுக்கில் மையை விடுகிறது. மேல் அடுக்கு மாதா மாதம் உதிர்ந்து புதுசாகும்; கீழ் அடுக்கு அப்படி உதிராது. அங்கே இருக்கிற கரியைத் தோல் வழியாகப் பார்க்கும்போது நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. உடம்பு அதை அந்நியப் பொருள் என்றுதான் நினைக்கிறது. காவல் அணுக்கள் ஓடிவந்து கரியை விழுங்கிவிட்டு, ஜீரணிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. ஒன்று செத்தால் அது விட்ட கரியை அடுத்தது எடுத்து விழுங்கும். பச்சை நிலைத்திருப்பது இப்படித்தான்.

"நகை நட்டு கூட வராது, செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்" என்று ஆயா சொல்லும். நகையே இல்லாதவர்களுக்கு இது வெறும் தத்துவம் இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆதிதிராவிடர் தங்க நகையும் வெள்ளி நகையும் போடக் கூடாது என்பது அதில் ஒன்று. பிடுங்க முடியாத நகையாகத்தான் எங்கள் பெண்கள் தோலில் கோலம் போட்டுக்கொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

ஆயாவின் தேளுக்கு ஒரு பக்கம் காலே கிடையாது. குத்தின மறுநாளே நடவுக்குப் போகவேண்டி இருந்தது. சேற்றுத் தண்ணியில் நாள் முழுக்க ஊறி, கை வீங்கி, சீழ் பிடித்து, அந்த இடத்தில் மை நிற்கவில்லை. "என் ஒடம்பு ராசி அப்படி" என்றுதான் ஆயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. பண்ணையில் ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால் தேளுக்கு எட்டுக் காலும் இருந்திருக்கும்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது தொய்யில் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். சங்கப் பெண்களின் தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு எழுதிய கோலம். குளித்தால் போய்விடும். அதற்கு உரை உண்டு, விளக்கம் உண்டு, பரீட்சையில் மார்க்கும் உண்டு. கழுவினாலும் போகாத எங்க ஆயா கைப் பச்சையைப் பற்றி இரண்டு வருசத்தில் ஒரு வகுப்பும் நடக்கவில்லை.

*

உடம்பில் எழுதுகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விசயம். 1797இல் வங்காள மாகாணத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்தும் விதி வந்தது. சென்னை மாகாணத்துக்கும் அது பரவியது. 1849இல்தான் கைவிட்டார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்து நம் சனங்களின் மூக்கையெல்லாம் அளந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் 'பச்சைக்குத்தி' என்று தனியாக ஒரு தலைப்பு உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தும் குறவர்களுக்குத் தொழிலால் வந்த பெயர் என்று எழுதினார். அடுத்த இரண்டே வருசத்தில், 1911இல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊசியும் மையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போன குறவர்கள் போலீஸ் பதிவேட்டில் ரேகை வைக்கிறவர்கள் ஆனார்கள். அந்தச் சட்டம் இங்கே 1947இல் ஒழிந்தது; நாடு முழுவதும் 1952இல்.

வெள்ளைக்காரன் போனதோடு இது முடியவில்லை. 1993இல் அமிர்தசரஸில் நான்கு பெண்களின் நெற்றியில் 'பிக்பாக்கெட்' என்று பொருள்படும் சொல்லைப் போலீஸ்காரர்கள் பச்சை குத்தினார்கள். தண்டனைத் தீர்ப்பு வர 2016 ஆனது. அந்தத் தீர்ப்புக்காக அந்தப் பெண்கள் இருபத்து மூன்று வருசம் எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு இருக்கிறது. சத்தீஸ்கரில் கோயிலுக்குள் விடாத சாதியார் 1890களில் ராம்நாமி என்று ஓர் இயக்கமாகத் திரண்டார்கள். கோயிலுக்குள் விடமாட்டாயா, இதோ என் உடம்பே கோயில் என்று தலை முதல் கால் வரை இராமர் பெயரைக் குத்திக்கொண்டார்கள். அந்தப் பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் துணிச்சலில் உண்டு. தன் தோலில் என்ன எழுதுவது என்பதைத் தானே முடிவு செய்த சனம் அது.

எங்கள் பிள்ளைகள் இப்போது அம்பேத்கரின் கையெழுத்தைக் குத்திக்கொள்கிறார்கள். இராஜா அண்ணாமலைபுரம் அம்பேத்கர் மணிமண்டபத்தில் ஏப்ரல் 14, டிசம்பர் 6 தேதிகளில் மாலையோடு வருகிற கைகளைப் பாருங்கள். நீல மை, கறுப்பு மை, மணிக்கட்டு, புறங்கை, கழுத்து. அவர் முகத்தைக் குத்துகிறவர்கள் உண்டு, 'ஜெய்பீம்' என்று குத்துகிறவர்கள் உண்டு. எனக்குக் கையெழுத்துதான் பிடித்தது. எங்க ஆயா கைநாட்டு. அம்மாவும் கைநாட்டு. மயிலாப்பூர் மாட வீதி வீடுகளில் முப்பது வருசத்துக்கு மேல் பாத்திரம் தேய்த்ததில் அம்மாவுக்கு அந்த ரேகையும் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷினில் விரலை எத்தனை தடவை அழுத்தினாலும் விழாது. கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்து, அடுத்த விரல், அடுத்த விரல் என்று பத்து விரலும் பார்ப்பார். கைநாட்டுக்கும் வழியில்லாமல் போன வீட்டில் ஒரு கையெழுத்து இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. தங்கச்சி என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்: "கையில இருந்தா தைரியமா இருக்கும்க்கா."

*

அம்மாவிடமிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் வந்த சொத்து கரப்பான் தோல். சின்ன வயசில் முழங்கை மடிப்பில், விரல் இடுக்கில் செதில் செதிலாக வரும். வெயில் காலத்தில் அரிக்கும். ஆங்கிலத்தில் எக்சிமா என்கிறார்கள். அதனால் அவசரப்படவில்லை. பாண்டி பஜாரை ஒட்டின சந்தில் ஒரு கடை. குத்துகிற தம்பி பொறுமையானவர். ஒரு மாசத்துக்கு முன்பே எங்கள் இரண்டு பேர் முன்கையிலும் ஒரே ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். சிவப்பு மைதான் அதிகம் ஒத்துக்கொள்ளாமல் போகும், கறுப்பு அவ்வளவு தொல்லை செய்யாது என்று சொல்லிக் கறுப்பு மட்டும் போதும் என்றார். புது ஊசியை எங்கள் கண் எதிரே உறை பிரித்தார். "புறங்கை வேணாம்க்கா, தோல் மெல்லிசு, எந்நேரமும் தண்ணி படும், சீக்கிரம் மங்கிடும்" என்றும் எச்சரித்தார். எங்களுக்குப் புறங்கைதான் வேண்டும். ஏப்ரல் 14க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குத்திக்கொண்டோம்.

என் கையின் கதை சின்னது. எனக்கு எழுத்து வேலை, பிழை திருத்துகிற வேலை. காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். காலையும் இரவும் வாசனை இல்லாத சோப்பில் மெதுவாகக் கழுவி, வெளுத்த துணியால் ஒற்றி எடுத்து, வாசலினைப் பூசினதே தெரியாத அளவுக்குத் தடவினேன். பாத்திரத்தை அம்மா என்னிடம் விடவில்லை. நாலாம் நாள் மெல்லிசாகத் தோல் உரிந்தது. ஏழெட்டாம் நாள் அரிப்பு; சொறியாமல் உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தேன். வெளியே போனால் சீலைத் தலைப்பில் கையை மறைத்துக்கொண்டேன். பதினெட்டாம் நாள் எழுத்து தெளிந்துவிட்டது. கரப்பான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கச்சி அடையாற்றில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. காந்தி நகர், கஸ்தூரிபா நகர் தெருக்களில் பேட்டரி வண்டி ஓட்டி வீடு வீடாகக் குப்பை வாங்குகிறாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு. லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. மூணு நாள் சேர்ந்தாற்போல வரவில்லை என்றால் வண்டியை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். குத்தி ஒரு ராத்திரி முடிந்த கையோடு போனாள்.

மக்கும் குப்பை வேறு, மக்காத குப்பை வேறு என்று வீட்டுக்காரர்கள் பிரித்துத் தரவேண்டும். தருகிறவர்கள் தருகிறார்கள். மற்றவர்கள் ஒரே கவரில் கட்டித் தூக்கிப் போடுகிறார்கள். அதைப் பிரித்து உள்ளே கைவிட்டுச் சாம்பார் சாதம், குழந்தை டயபர், மாதவிலக்குத் துணி, உடைந்த டியூப்லைட் என்று தரம் பிரிப்பது தங்கச்சியின் கை. வாரத்தில் இரண்டு நாள் தொட்டி ஓரத்திலும் கால்வாய் ஓரத்திலும் பிளீச்சிங் பவுடர் தூவவேண்டும். கையாலேயே அள்ளித் தூவுவார்கள். நம் தோல் இலேசான புளிப்புத் தன்மை உள்ளது; அதுதான் அதற்குக் காப்பு. பிளீச்சிங் பவுடர் கடும் காரம். ஈரக்கையில் பட்டால் அந்தக் காப்பைத் தின்றுவிடும். சும்மா இருக்கிற தோலையே தின்னும். ஊசி பட்ட தோலைக் கேட்க வேண்டாம்.

அவளிடம் கிளவுஸ் இல்லாமல் இல்லை. கம்பெனி கொடுத்த ஜோடி விரல் நுனியில் கிழிந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. அதையே போட்டுக்கொண்டாள். கிழிசல் வழியாகக் குப்பைத் தண்ணி உள்ளே போய்த் தங்கியது. அப்புறம் மயிலாப்பூரில் சொந்தக் காசில் ரப்பர் கிளவுஸ் வாங்கினாள். ஏப்ரல் வெயிலில் அதற்குள் கை வெந்தது. கழற்றினால் வியர்வை சொட்டுச் சொட்டாக விழும். காத்துப் புகாத ஈரத்தில் கிடந்த புண் எப்படி ஆறும்? அஞ்சாம் நாள் சிவப்பு, எழுத்தைத் தாண்டி விரல் வரைக்கும் ஓடிவிட்டது. பொடிப் பொடியாக நீர்க் கொப்புளம். ராத்திரி தூக்கத்தில் சொறிந்து ரத்தம்.

எங்கள் குடியிருப்பில் வைத்தியத்துக்குப் பஞ்சமா? ஒருத்தர் மஞ்சள் என்றார், ஒருத்தர் வேப்பெண்ணெய் என்றார், ஒருத்தர் பேஸ்ட். அம்மா எதையும் வைக்க விடவில்லை. கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கிவந்தாள் தங்கச்சி. சகல அரிப்புக்கும் கொடுக்கிற அதே டியூப். இரண்டு நாள் அரிப்பு சுத்தமாக நின்றது. மூணாம் நாள் முன்னைவிடப் பொங்கியது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்கும், அரிப்பை அமுக்கும், கூடவே புண் ஆறுவதையும் அமுக்கும், கிருமி வளர வழியும் விடும். எழுதித் தரவேண்டிய ஒரு டாக்டர் இடையில் இல்லாமல் ஏழை சனம் வாங்கிப் பூசுகிற மருந்தில் இதுதான் முதல் வரிசை.

கிளவுஸ் கேட்கப் போனபோது மேற்பார்வையாளர் சொன்னது இது: "உன்னை யாரு பச்சை குத்திக்கச் சொன்னது? நீ ஷோக்குப் பண்ணிக்குவ, அதுக்குக் கம்பெனி கிளவுஸ் தரணுமா?" தங்கச்சி வாய் சும்மா இருக்காது. "பச்சைக்குக் கேக்கல சார், குப்பைக்குக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தப் பதிலில் எல்லாமே இருக்கிறது. குப்பை கையாளுகிற எல்லாத் தொழிலாளர்க்கும் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் கிடைக்கும்படி உள்ளாட்சி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே எழுதியிருந்தது. பச்சை குத்தாதவளுக்கும் அது உரிமை. ஆனால் உரிமையை ஷோக்காக மாற்றுவது அவர்களுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். கை வெந்தது வேலையால். பழி விழுந்தது கையெழுத்தின் மேல்.

லீவு போடாமல், மதியத்துக்குமேல் அனுமதி வாங்கி, அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் பச்சையைப் பார்க்கவில்லை. கையைத் திருப்பி, விரல் இடுக்கு, நகக்கண், உள்ளங்கை வெடிப்பு எல்லாம் பார்த்தார். பச்சை குத்தாத இடது கையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதிலும் அதே வெடிப்பு, அதே செதில். "இது டாட்டூவால வந்தது இல்லம்மா. ரொம்ப நாளா இருந்திருக்கு. நீங்க பழகிட்டீங்க. டாட்டூ போட்டதால இப்ப தாங்கலை" என்றார். தொழில்வழி வந்த தோல் அழற்சி என்று சீட்டில் எழுதினார். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர். ஈரமானால் பருத்தியை மாற்று. இருபது நிமிசத்துக்கு மேல் தொடர்ந்து போடாதே. இரண்டு வாரம் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதே. ரப்பரே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதையும் கவனி என்றார். சொந்தமாக வாங்கின டியூபைக் குப்பையில் போடச் சொன்னார்.

அந்த இடது கையைப் பற்றி நான் வெகுநாள் யோசித்தேன். நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். தினமும் அந்தக் கையிலிருந்து காபி வாங்கிக் குடிக்கிறேன். அந்த வெடிப்பு எங்கள் கண்ணுக்குப் புண்ணாகவே தெரிந்ததில்லை. அம்மா கை அப்படி இருந்தது, ஆயா கை அப்படி இருந்தது, கை என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று வளர்ந்துவிட்டோம். வலது கையில் ஒரு பெயரை எழுதின பிறகுதான் அந்தக் கைக்கு வைத்தியம் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது. மறுவாரம் அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினார்கள். ஒருத்தி கையிலும் பச்சை கிடையாது. புண் எல்லார் கையிலும் இருந்தது.

'சென்சிடிவ் ஸ்கின்' என்று ஒரு சொல் விளம்பரத்தில் அடிபடுகிறது. மென்மையான தோல், மேட்டுக்குடிப் பெண்ணின் தோல் என்பது போல அதற்கு ஒரு படம். எங்கள் தோல் தடித்த தோல், தாங்கும் தோல் என்பது அதன் மறுபக்கம். தாங்கும் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வெறுங்கையில் பிளீச்சிங் பவுடரைக் கொடுக்கிறார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு தோல் எங்களுடையது. என்னுடையது ஆறியதற்குக் காரணம் காற்றாடி. அவளுடையது ஆறாததற்குக் காரணம் வருகைப் பதிவேடு.

*

தோழர்கள் சிலர் வேறொரு கேள்வி கேட்டார்கள். சாதியை ஒழிக்கவேண்டும் என்கிற நீங்களே கையில் அடையாளம் குத்திக்கொள்ளலாமா? இது அலட்சியப்படுத்தக் கூடாத கேள்வி. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு சாதி காட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்றவற்றால் சாதி காட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை நான் ஆதரிக்கிறேன்.

கயிறு சொல்வது 'நான் உனக்கு மேலே' என்பதை. அம்பேத்கரின் கையெழுத்து எந்தச் சாதியின் பெயரும் இல்லை. 1936இல் சாதியை அழித்தொழிக்க எழுதின கையின் அடையாளம் அது. யாரும் குத்திக்கொள்ளலாம். குத்திக்கொள்கிற பார்ப்பனர் வந்தால் நானே கடைக்குக் கூட்டிப்போகிறேன். ஆனால் அதைப் பார்க்கிறவன் கண்ணில் சாதிதான் தெரிகிறது என்பதும் உண்மை. அடையாற்றில் ஒரு வீட்டில் தங்கச்சியின் கையைப் பார்த்த அம்மாள், "உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டாராம். அந்த வீட்டுப் பையன் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சிவனைக் குத்திக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அது ஃபேஷன், இவளுக்கு அது 'எதுக்கு'. வீடு வாடகைக்குத் தேடுகிறபோது நானும் இந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன். கையைப் பார்ப்பார்கள், அப்புறம் வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்பார்கள். மறைத்துக்கொண்டு வாழ்வதில் களைத்துப்போனவர்கள்தான் புறங்கையில் எழுதுகிறார்கள். எழுதினதற்கு விலை உண்டு என்று தெரிந்தேதான் எழுதுகிறார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தங்கச்சியின் கை ஆறியது. கையெழுத்தின் முதல் எழுத்து பாதி அழிந்துவிட்டது. ஆயாவின் தேளுக்குக் கால் போன மாதிரி. கடைத்தம்பி காசு வாங்காமல் மறுபடி எழுதித் தருகிறேன் என்றார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கான கிளவுஸ் வரட்டும், அப்புறம் எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

*

இதைப் படிக்கிற மாணவர்களும் தோழர்களும் குத்திக்கொள்ளப் போவீர்கள். போங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கையில் கரப்பான் கிளம்பியிருக்கிற நேரத்தில் குத்தாதீர்கள், அடங்கட்டும். தழும்பு தடித்து வளர்கிற உடம்பாக இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது அதிகம். கைவேலை செய்கிறவர்கள் புறங்கையை விட்டு மேல்கையில் எழுதுங்கள். சித்திரை வெயிலை விட்டுத் தை மாதத்தில் எழுதுங்கள். ஊசி உறை உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். மஞ்சள், பேஸ்ட், பவுடர் எதுவும் வேண்டாம். நியோமைசின் கலந்த களிம்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வெறும் வாசலின் போதும். ஆறுகிற வரை கடலில் இறங்காதீர்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சீழ் வந்தால், கையில் கோடு மாதிரி ஏறினால், காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்பேத்கர் பிறந்தநாள் இரத்ததான முகாமில் எங்கள் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பினார்கள். பச்சை குத்தியவரிடம் ஓராண்டு இரத்தம் வாங்குவதில்லை. இரத்தம் கொடுக்கிற பழக்கம் உள்ளவர்கள் முதலில் கொடுத்துவிட்டுக் குத்துங்கள். இராணுவம், போலீஸ் தேர்வுக்குப் போகிற தம்பிகள் அவர்களுடைய விதியைப் படித்துவிட்டுக் குத்துங்கள்.

சங்கம் நடத்துகிற தோழர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சம்பளம், பணி நிரந்தரம் என்று நாம் வைக்கிற கோரிக்கைகளோடு கையையும் சேருங்கள். பருத்தி உள்ளுறையோடு மாதா மாதம் கையுறை வேண்டும். பிளீச்சிங் பவுடர் தூவக் கரண்டி வேண்டும். தோல் புண்ணுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை தோல் டாக்டர் வேலை இடத்துக்கே வந்து கையைப் பார்க்கவேண்டும். ஒப்பந்தக்காரர் தரமாட்டார் என்பது தெரிந்ததுதான். மாநகராட்சியிடம் எழுதிக் கேட்போம். தங்கச்சியும் அவளோடு வேலை பார்க்கிறவர்களும் எழுதின மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூடக் கைநாட்டு வைக்கவில்லை.